மழைக்கு முன் மின்பலகையின் முதுகைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. தீபாவளி வியாபாரம் சூடுபிடிப்பதும் அதே சமயத்தில்தான். கடை வாசலுக்குப் புது எல்இடி போர்டு வேண்டும் என்று புரட்டாசியில் ஆர்டர் கொடுத்து, ஐப்பசி மழைக்கு நடுவே அவசர அவசரமாக மாட்டுகிறவர்கள் ஏராளம். கடைக்காரர்கள், பெட்ரோல் பங்க் நடத்துகிறவர்கள், பள்ளி, மருத்துவமனை, கோயில் நிர்வாகிகள் எல்லோருக்கும் இந்த வாரம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. போர்டைப் பொருத்தி, சிலிக்கான் பூசி, பெயின்ட் காய்ந்து முடிய மழைக்கு முன் நாள் இல்லையென்றால், தை மாதம் வரை தள்ளிப் போடுங்கள். ஈரச் சுவரில் சிலிக்கான் ஒட்டாது. ஈரக் கம்பியில் அடித்த பெயின்ட் ஆறு மாதத்தில் உரியும். கான்கிரீட்டில் துளை போட்டு ரசாயனப் பசையால் போல்ட் இறக்குவதற்கும் துளை காய்ந்திருக்க வேண்டும். ஒரு தீபாவளிக்குப் பழைய போர்டே இருந்துவிட்டுப் போகட்டும்.

வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் ஷோரூமில் முதலில் பார்ப்பது வெளிச்சத்தை. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நேரடி வெயில் விழும் இடத்துக்கு 5000 நிட்ஸ் அளவில் வெளிச்சம் வேண்டும். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கப் பி10 போதும், கிட்டே நின்று பார்ப்பதற்குப் பி5 அல்லது பி4 (எண், விளக்குப் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம், மில்லிமீட்டரில்). இரவில் தானாக வெளிச்சம் குறைக்கும் சென்சார் இருந்தால், எதிரே வண்டி ஓட்டி வருகிறவர் கண் கூசாது. இவ்வளவுதான் முன்பக்கம். போர்டு மழையில் நிற்குமா, சாகுமா என்பதை முடிவு செய்வது பின்பக்கம். ஆகவே போர்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

"ஐபி65 சார், மழை ஒண்ணும் பண்ணாது" என்று விற்பவர் சொல்வார். முன்பக்கமா, பின்பக்கமா என்று உடனே கேளுங்கள். முன்பக்கம் 65, பின்பக்கம் 54 என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஐபி என்பதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் தாங்கும். 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். முதுகைச் சுவரோடு ஒட்டி, மேலே சன்ஷேடும் உள்ள போர்டுக்குப் பின்பக்கம் 54 போதும். மொட்டை மாடியிலோ தனிக் கம்பத்திலோ நிற்கும் போர்டுக்கு நாலு பக்கமும் மழை அடிக்கும். அதற்கு இரு பக்கமும் 65-க்குக் குறையாமல் வேண்டும்.

இந்த எண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சோதனை செய்வது புதுச் சரக்கை, நல்ல தண்ணீரில். மூன்று கோடை வெயிலில் ரப்பர் வளையம் இறுகி வெடித்த பிறகு அந்த எண் செல்லாது. உப்புக் காற்றைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை. இன்னொரு விஷயம்: நம் ஊர்ப் பட்டறைகளில் செய்யும் பெரும்பாலான ஸ்க்ரோலிங் போர்டுகள், 320-க்கு 160 மில்லிமீட்டர் அளவுள்ள பி10 மாட்யூல்களை இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் திருகிச் சேர்த்தவை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஐபி எண் அந்த ஒரு மாட்யூலுக்கானது. மாட்யூலுக்கும் மாட்யூலுக்கும் இடையிலுள்ள இடுக்கு, மேல் விளிம்பு, ஒயர் நுழையும் துளை இவற்றையெல்லாம் அடைத்தவர் பட்டறைக்காரர். அவருடைய கைவேலையைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும்.

பின்மூடியைத் திறந்து பாருங்கள். 5 வோல்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி சல்லடைத் துளைகளோடு இருந்தால், அது வீட்டுக்குள் வைக்கும் ரகம். மழைக்கென்று வரும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் பொறுக்கக்கூடியதுதான். ஒயர் மேலிருந்து இறங்கி உள்ளே போகக் கூடாது. கீழே ஒரு வளைவு தொங்கி, அடியிலிருந்து கேபிள் கிளாண்ட் வழியாக ஏற வேண்டும். அப்போது ஒயரில் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் வடிகால் துளை கட்டாயம் வேண்டும். எவ்வளவு இறுக்கி மூடினாலும், பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டிக்குள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதுபோல ஈரம் கோக்கும். அது வெளியேற வழி இல்லையென்றால், மழையே படாத போர்டும் உள்ளுக்குள் துருப்பிடிக்கும்.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்த இடத்திலிருந்துதான் முதலில் அரிக்கத் தொடங்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம் அல்லது அலுமினியப் பெட்டி கேளுங்கள். போல்ட் 304-க்குப் பதில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் நேரடியாகத் தொட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும், ஆகவே நடுவே நைலான் வாஷர் வேண்டும். சர்க்யூட் போர்டின் மேல் ஈரம் புகாத பூச்சு பூசியிருக்கிறதா என்றும் கேளுங்கள். வேலூர், கரூர்ப் பக்கம் உப்புக்குப் பதில் வெயில்தான் எதிரி. எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கறுப்புப் பெட்டிக்குப் பதிலாக வெள்ளைப் பெட்டி எடுத்தாலே பயன் உண்டு. ஃபேன் வைத்திருந்தால், அதன் வாய் கீழ்நோக்கிய மூடியோடு இருக்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் காற்று. போர்டின் எடையைச் சுவர் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், காற்றின் தள்ளலைத் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. கட்டடங்களின் மேல் காற்றுச் சுமையைச் சொல்லும் ஐஎஸ் 875 தரநிலையின் 3-ஆம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் தள்ளல் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். பத்தடிக்கு ஆறடி போர்டு என்றால் 800 கிலோவைத் தாண்டும். 39 மீட்டர் வேகத்திலும் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல். உயரம் கூடினால் இதுவும் கூடும்.

புயல் வருகிறது என்றால் ஃப்ளெக்ஸைக் கிழித்தாவது இறக்கிவிடலாம். எல்இடி போர்டு மூடிய பலகை, காற்று அதில் புகுந்து போக வழியில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்ததையும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புயல்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் புழுதிக் காற்றில் 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் போனார்கள்.

ஆகவே மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் போர்டு மாட்டாதீர்கள். அந்தச் செங்கல் வரிசை இப்படிப்பட்ட தள்ளலுக்காகக் கட்டியதல்ல. தூணிலோ பீமிலோ மாட்டுங்கள், முடிந்த இடத்தில் ஊடே போகும் போல்ட் போடுங்கள். பிளாஸ்டிக் ராவல் பிளக் பெயர்ப்பலகைக்குச் சரி, இதற்கு ஆகாது. பெரிய போர்டு என்றால் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் சான்று வாங்குங்கள், மாநகராட்சி அல்லது நகராட்சி அனுமதியையும் முன்பே முடித்துவிடுங்கள். மின்கம்பிக்கு அருகில் எந்தச் சட்டத்தையும் நிறுத்தாதீர்கள்.

மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, தோட்டக் குழாயால் போர்டின் மேலும் பக்கங்களிலும் முதுகிலும் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். வெளியே துடைத்துவிட்டுப் பின்மூடியைத் திறந்து, உள்ளே உலர்ந்த டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் போர்டு பட்டறைக்குத் திரும்பட்டும். பில்லில் முன்பக்க, பின்பக்க ஐபி எண், எஸ்எம்பிஎஸ் மாடல் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வாரன்டியில் மழைநீர்ச் சேதம் அடங்குமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும், தகராறு வருவது அந்த ஒரு வரியில்தான். அதே பேட்ச்சில் இரண்டு மூன்று மாட்யூல்களைக் கூடுதலாக வாங்கி வைத்தால், பின்னால் மாற்றும்போது நிறம் ஒட்டாமல் தனித்துத் தெரியாது.

ஏற்கெனவே போர்டு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டுக்கென்று தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் விழும் ஆர்சிசிபி, இரும்புச் சட்டத்துக்கு எர்த் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த மழையைக் கடக்க வேண்டாம். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, கசியும் மின்சாரம் ஏறிய போர்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவது யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், அது விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். வெளியே டேப் சுற்றிய ஒயர் இணைப்பு எங்கே இருந்தாலும் எடுத்துவிட்டு ஒரே நீள ஒயர் இழுங்கள். இடிக்காக சர்ஜ் தடுப்பான் ஒன்றும் போடலாம். மெயின் சுவிட்ச் கடைக்குள், தண்ணீரில் நிற்காமல் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அதோடு போல்ட்டுகளை ஸ்பேனரால் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வடிகால் துளையை அடைத்திருக்கும் குளவிக்கூட்டைக் குத்தி எடுங்கள். எஸ்எம்பிஎஸ் சூட்டுக்குப் பல்லி வந்து ஒண்டும். துளைகளில் மெல்லிய வலை வைத்தால் ஷார்ட் ஆவது குறையும்.

ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் காற்று எழும்புவதற்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஏணி போட்டு எவரையும் ஏற்றாதீர்கள். போர்டு ஆடினால் அதன் கீழே ஆள் போகாமல் கயிறு கட்டி மறித்து, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள். மின்கம்பி மேல் சாய்ந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987.

மழை விட்டதும் போர்டை உடனே போட்டுப் பார்க்கிற ஆசைதான் நிறைய மாட்யூல்களைக் கொல்கிறது. பின்மூடியைத் திறந்து, ஈரத்தைத் துடைத்து, ஒரு நாள் காற்றாட விடுங்கள். பிறகு மிகக் குறைந்த வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டி, பின்னர் படிப்படியாகக் கூட்டுங்கள். கார்த்திகை வரை நீளும் ஈர வாரங்களில், உள்ளே தண்ணீர் புகாத நல்ல போர்டைத் தினம் ஓரிரு மணி நேரமாவது ஓட்டுங்கள். அந்தச் சூடே பெட்டிக்குள் கோத்த ஈரத்தை விரட்டும். வாரக்கணக்கில் அணைத்தே வைத்திருந்த போர்டை மட்டும், எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்த பிறகே போடுங்கள்.