கையே கிரேன்: வி.ஆர். உலகில் கேமரா பிடிக்க முழுமையான வழிகாட்டி

துபாயின் அல் கூஸ் கிடங்குகளில் படப்பிடிப்பு நடந்தால் வாசலில் கிரேனும் டிராலியும் வந்து இறங்கும். அவற்றைத் தொட வாய்ப்பு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கையாலேயே பழகலாம். 2019-ல் வந்த 'தி லயன் கிங்' படத்துக்கு இயக்குநர் ஜான் ஃபேவ்ரோவின் குழு ஹெட்செட் அணிந்து, கணினியில் உருவான காட்டுக்குள் போய்த்தான் ஷாட் தேடியது.

என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

மெட்டா குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட் போதும். 2024-ல் அறிமுக விலை 299.99 டாலர், திர்ஹாமில் சுமார் 1,100. கடை விலை மாறும், விசாரித்து வாங்குவோம். வி.ஆருக்குள் வரைய உதவும் 'ஓபன் பிரஷ்' செயலி இலவசம். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் நல்லது. அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து, பெட் ஸ்பேஸில் இருப்பவர்கள் உட்கார்ந்தே தொடங்கலாம்.

முதல் படி: உலகைப் பிடிப்போம்

ஓபன் பிரஷைத் திறந்து, இரண்டு கன்ட்ரோலர்களிலும் நடுவிரல் பட்டனை அழுத்தியபடி கைகளை இழுத்தால் உலகமே நம் பக்கம் வரும். கைகளை விரித்தால் பெரிதாகும், சேர்த்தால் சிறிதாகும். போனில் படத்தைப் பெரிதாக்குவது போலத்தான்.

இரண்டாம் படி: கேமராவை எடுப்போம்

ஒரு கதவு, ஒரு விளக்குக் கம்பம் வரைந்துகொள்வோம். கருவிப் பட்டியலில் கேமராவைத் தேர்ந்தெடுத்தால் கையில் சின்னத் திரை முளைக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபடி, இடுப்பிலிருந்து திரும்புவோம். மணிக்கட்டை மட்டும் திருப்பினால் படம் ஆடும்.

மூன்றாம் படி: கிரேன் ஷாட்

உலகைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குவோம். இப்போது கை 30 செ.மீ. உயர்ந்தால் கேமரா 3 மீட்டர் உயரும். கை நடுக்கமும் பத்து மடங்காகும்; அதனால் மெதுவாக. உலகைப் பெரிதாக்கினால் நடுக்கம் குறையும். நுணுக்கமான ஷாட்டுகளுக்கு அதுதான் சரி.

எச்சரிக்கை

கண்ணுக்கு அசைவு தெரிந்து, உட்காதுக்குத் தெரியாவிட்டால் தலை சுற்றும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். குமட்டினால் உடனே கழற்றிவிடுவோம். வெயில் லென்ஸ் வழியே விழுந்தால் உள்திரை கருகும். ஹெட்செட்டைக் காரிலோ ஜன்னலோரமோ வைக்கவே வேண்டாம்.

அடுத்து?

விடுமுறை நாளில் அல் கூஸிலேயே உள்ள அல்செர்கல் அவென்யூ கேலரிகளுக்குப் போய், ஒரு புகைப்படத்தின் முன் ஐந்து நிமிடம் நிற்போம். கேமராவை எந்த உயரத்தில் பிடித்திருப்பார்கள் என்று யோசிப்போம். அன்றிரவே அதே உயரத்தில், வி.ஆரில் நாம் வரைந்த கதவைப் படமெடுத்துப் பார்ப்போம். கை பழகப் பழகத்தான் கண் பழகும். இன்றே தொடங்குங்கள்.