பட்டா யார் பெயரில்?

வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆரணி ஜாகீர் போன்ற எஸ்டேட்டுகளும் இனாம் ஊர்களும் இருந்தன. அங்கு உழவர் வரி செலுத்தியது அரசுக்கு அன்று, ஜாகீர்தாருக்கோ இனாம்தாருக்கோதான். இம்முறையை மாற்றவே 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அறிவிக்கப்பட்ட நாளில் எஸ்டேட் முழுவதும், அதன் ஏரி, மேய்ச்சல் நிலம், காடு ஆகியவற்றுடன், அரசின் உடைமையாயிற்று. உழவருக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்கும். ஜமீன்தாருக்கு இழப்பீடும் அவருடைய பண்ணை நிலமும் கிடைக்கும்.

எது பண்ணை நிலம், எது குடிநிலம்? வழக்குகள் பிறந்த இடம் இதுவே. குடிகளிடமிருந்து ஜமீன்தார் கைக்கு வந்த நிலமாயின், 1945 ஜூலை 1 முதல் தொடர்ந்து தம் ஆட்களையோ கூலியாட்களையோ கொண்டு, சொந்த மாடுகளாலோ வாடகை மாடுகளாலோ அவர் பயிரிட்டு வந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது சட்டம். ஆகவே ஏர் பூட்டிய மாடு யாருடையது, கூலி கொடுத்தவர் யார் என்பனவெல்லாம் நிலவரித்திட்ட அலுவலர்முன் சான்றுக்குரிய பொருள்களாயின. பழைய கணக்குகள் பெரும்பாலும் ஜமீன் பணியாளர்களால் எழுதப்பட்டவை என்பது குடிகளுக்குப் பாதகமாக இருந்ததில் வியப்பில்லை.

உழவரிடம் வாய்மொழியாகக் குத்தகை பெற்றுப் பயிரிட்டவருக்கு இச்சட்டம் பட்டா தரவில்லை. அவர்தம் பெயரைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இனாம் ஊர்களுக்கான ஒழிப்புச் சட்டங்கள் 1963இல் இயற்றப்பட்டன. ஒரு நிலம் குடிநிலமா, ஊர்ப்பொதுவா என்பதில் நிலவரித்திட்ட அலுவலரின் முடிவே இறுதியன்று, உரிமையியல் நீதிமன்றமும் ஆராயலாம் என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழிப்புச் சட்டம் பிறந்து அப்போது 37 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையே ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் பெருகியது. கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. மாசுபடுத்தியோரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பை மதிப்பிட ஓர் அமைப்பும் ஏற்பட்டது. கெட்ட நிலத்திற்கு ஈடு கேட்க, நிலம் தம்முடையது எனக் காட்டும் ஆவணம் வேண்டும். ஆவணமின்றி வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டவர், தம் விளைச்சல் அழிந்ததை எந்தத் தாளைக் காட்டி நிறுவுவார்? பாலாற்று மாசு குறித்த வழக்கில், 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டிற்காக ஆணை பிறப்பித்தது.