வீட்டுக் கம்ப்யூட்டரின் சாதாரணக் கோளாறுகளும் அவற்றின் பரிகாரமும்

திருக்கடையூரைச் சூழ்ந்த கிராமங்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளவை. மேட்டூர் அணை திறந்த பின்னரும் வயலுக்கு நீர் எட்டாவிடில், அனுபவமுள்ள விவசாயி எடுத்தவுடன் அணையைக் குறைகூறமாட்டார். முதலில் தம் வயல் மடையைப் பார்ப்பார். பிறகு வாய்க்காலையும் அதன் தலைப்பு மதகையும் பார்ப்பார். அடைப்பு இன்ன இடத்தில் என்று தெரிந்த பின்னரே மண்வெட்டியை எடுப்பார். வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலும் அனுசரிக்க வேண்டிய முறை இதுவே. எளியதை முதலிலும் கடினமானதைப் பின்னும் சோதித்தல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு மாறுதலே செய்தல் வேண்டும். பல மாறுதல்களை ஒருங்கே செய்தவருக்கு எதனால் குணமாயிற்று என்பது தெரியாது. மறுமுறை அதே கோளாறு வரும்போது அவர் பழைய நிலையிலேயே இருப்பார்.

இந்த யந்திரம் இப்போது விவசாயக் குடும்பத்துக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாக எடுக்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு செல்பவருக்கு நிலப் பதிவேட்டின் நகலும் வங்கிக் கணக்கின் விவரமும் வேண்டியிருக்கின்றன. சம்பா அறுவடையாகி நெல் களத்தில் கிடக்க, வானம் மூடிக்கொண்டிருக்கும் நாளில் யந்திரம் நின்றுபோனால் மனம் பதறும். அப்பதற்றத்தில் பட்டணத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டு செல்வதும், அங்கே டிஸ்க்கை முழுதும் துடைத்துப் புதிதாக அமைத்துத் தருவதும் வழக்கமாயிருக்கின்றன. யந்திரம் ஓடுகிறது, ஆனால் கிரயப் பத்திரங்களின் படங்களும் குத்தகைக் கணக்கும் அழிந்து விடுகின்றன. யந்திரத்தை மறுபடி விலைக்கு வாங்கலாம்; அழிந்த கணக்கை வாங்க இயலாது.

1. மின்சாரம்

பொத்தானை அழுத்தியும் யந்திரம் உயிர் பெறாவிடில், அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். விளக்கு எரியாவிடில் குற்றம் யந்திரத்தினுடையது அன்று. விளக்கு எரிந்தால், யு.பி.எஸ். பெட்டியை நீக்கி யந்திரத்தை நேரே சுவர்ப் பிளக்கில் சேர்த்துச் சோதிக்கலாம். அப்பெட்டியிலுள்ள பாட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்து போவது. வெப்பமான அறையில் இன்னும் விரைவில் தேயும். அடுத்து, கம்பிகளின் இரு முனைகளும் இறுகப் பொருந்தியுள்ளனவா என்றும், பெட்டியின் பின்புறச் சுவிட்சு போட்டிருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். பின்னும் பயனில்லையேல், மின் கம்பியை உருவிவிட்டு, பொத்தானைக் கால் நிமிஷம் அழுத்திப் பிடித்து, மீண்டும் இணைத்துப் பார்ப்பது நல்லது.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால் திரைக்குச் செல்லும் கம்பியைச் சோதிக்கவும். 'பீப்' என்ற ஒலி திரும்பத் திரும்ப எழுந்தால், நினைவுத் தகடு இடம் பெயர்ந்திருக்கக்கூடும். மின் இணைப்பை நீக்கி, தகட்டை எடுத்து, அதன் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்தினால் பல சமயம் குணமாகும். பெட்டியைத் தொடும்போது உடல் 'சுரீர்' என்றால் எர்த் இணைப்பில் குறை உண்டென்று அறிந்து, மின்பணியாளரை அழைக்க வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கும் உட்பெட்டியை வீட்டார் ஒருபோதும் திறத்தலாகாது. கம்பியை உருவிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

2. ஈரம், உப்பு, தூசு

கடற்கரை அருகிலுள்ள இப்பகுதியில் காற்றோடு உப்பும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவ்வுப்பு ஈரத்தை ஈர்த்து, உலோக முனைகளை அரிக்கும். தை, மாசியில் களத்துத் தூசும் உமியும் விசிறியில் படிந்து அடைத்துக்கொள்ளும். நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் கால் மணி நேரத்தில் தானே அணைந்தால், பெரும்பாலும் உள்ளே வெப்பம் மிகுந்ததே காரணம். அளவு மீறிய வெப்பத்தில் யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளவே அவ்விதம் நிற்கிறது.

பரிகாரம் யாதெனில், மின் இணைப்பை நீக்கி, பெட்டியைத் திண்ணைக்குக் கொணர்ந்து, மெல்லிய தூரிகையாலும் காற்றூதியாலும் தூசு போக்குதலே. ஊதும்போது விசிறி சுழலாதபடி இறகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வைப்பது வெள்ளத்துக்கும் எறும்புக்கும் பாதுகாப்பு. நனைந்த யந்திரத்தை, உலர்ந்ததோ இல்லையோ என்று அறியும் பொருட்டு ஓட்டிப் பார்ப்பது பெருந்தவறு.

3. கடிகாரம் பின்வாங்குதல்

இக்கோளாறு அற்பமாயினும் பலரை ஏமாற்றுவது. யந்திரம் நன்றாய் ஓடும், இணையமும் இருக்கும், ஆனால் பட்டாப் பக்கமோ வங்கிப் பக்கமோ திறவாது, 'பாதுகாப்பில்லை' என்ற எச்சரிக்கை தோன்றும். அப்போது திரையின் மூலையிலுள்ள தேதியைப் பார்க்க வேண்டும். அது பல ஆண்டுகள் பின்னோக்கியிருப்பின் காரணம் வெளிப்பட்டது.

ஒவ்வோர் இணையப் பக்கமும், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற அத்தாட்சியைக் காட்டுகிறது. யந்திரத்தின் தேதி அக்கெடுவுக்கு வெளியே இருந்தால், யந்திரம் அவ்வத்தாட்சியை ஏற்பதில்லை. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது உள்ளிருக்கும் ஒரு சிறு காசு பாட்டரி. மேஜைக் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் வகை. 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையது. 3 வோல்ட் தருவது. சொற்ப விலையுள்ள அதனை மாற்றி, தேதியையும் மணியையும் திருத்தினால் போதும். இதற்காக டிஸ்க்கைத் துடைப்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாம்.

தேதி சரியாயிருந்தும் எந்தப் பக்கமும் திறவாவிடில், அதே இணைப்பில் கைபேசியைச் சேர்த்துப் பார்க்கவும். கைபேசியிலும் வராவிட்டால் குறை இணைப்பில் உள்ளது. இணையப் பெட்டியை அரை நிமிஷம் அணைத்து மறுபடி போட வேண்டும். கைபேசியில் வந்தால் குறை கம்ப்யூட்டரில் உள்ளது.

4. தமிழெழுத்து சிதைந்து தோன்றுதல்

பழைய கணக்கைத் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் தாறுமாறாய்த் தோன்றுவதுண்டு. கணக்கு கெட்டுவிட்டதென்று அதனை அழித்துவிடுவோர் உளர். கெட்டது கணக்கு அன்று.

திருக்கடையூருக்கு அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1715 இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்கள் அறை அறையாய்ப் பிரித்த பெட்டியில் இருக்கும். ஒரு பெட்டிக்குப் பழகிய கை, அறைகள் மாறிய வேறு பெட்டியில் எடுத்தால் வேறு எழுத்தே வரும். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் அறைகளை ஒவ்வொரு விதமாய் அமைத்திருந்தன. பாமினி எழுத்துருவில் 'க' என்பது ஆங்கில 'எஃப்' எழுத்தின் அறையில் இருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத யந்திரத்தில் 'க' இருந்த இடமெல்லாம் 'எஃப்' தோன்றும்.

யுனிகோட் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் எங்கும் ஒரே எண். 'க' வுக்கு 2965. தமிழ்நாட்டரசும் 2010 இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகையால் பழைய எழுத்துருவை யந்திரத்தில் சேர்த்துப் படிக்கலாம். அன்றி, எழுத்துரு மாற்றியைக் கொண்டு யுனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். பின்னதே சிலாக்கியம்.

5. மந்தமாய் ஓடுதல்

டிஸ்க் நிரம்பியிருந்தாலும், வேண்டாத செயலிகள் பல தாமே தொடங்கினாலும் யந்திரம் மந்தமாகும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், எது யந்திரத்தின் சக்தியை உண்கிறதென்று தெரியும். சுழலும் பழைய டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. வைத்தால் பழைய யந்திரமும் நன்கு விரைவு பெறும். விண்டோஸ் 10 க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன என்பதும் கவனிக்கத்தக்கது.

மந்தத்தோடு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்ற ஒலியும் கேட்டால், அதன் முடிவு நெருங்கிற்று எனக் கொள்ள வேண்டும். அப்போது வேறெதுவும் செய்யாமல், முதலில் பத்திரங்களுக்கும் கணக்குகளுக்கும் பிரதி எடுத்தல் வேண்டும்.

6. வஞ்சகர்

'உங்கள் யந்திரத்தில் வைரஸ் புகுந்துள்ளது. இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையில் தோன்றும் அறிவிப்பும், கம்பெனியிலிருந்து பேசுவதாய் வரும் தொலைபேசியும் நம்பத்தக்கன அல்ல. அவர் சொல்லும் செயலியைச் சேர்த்தால், யந்திரம் அவர் கைக்குச் சென்றுவிடும். தொடர்ந்து வங்கிப் பணமும் செல்லும். அத்தகைய அறிவிப்பு தோன்றினால் யந்திரத்தை அணைத்துவிடுவதே போதும். பணம் போய்விட்டால் வெட்கமுற்று மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் அறிவித்தல் வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மீளும் வாய்ப்பு குறையும்.

7. விதைநெல்லைப் போல் பிரதி

எவ்வளவு கஷ்டத்திலும் விதைநெல்லைக் குடியானவன் உண்ணமாட்டான். அவ்வாறே முக்கியமான பத்திரங்களுக்கு யந்திரத்துக்கு வெளியே இரண்டு பிரதிகள் எப்போதும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருப்பது அவசியம். 2004 டிசம்பர் 26 இல் தரங்கம்பாடிக் கரையில் கடல் புகுந்ததை அறிந்த இப்பகுதியினருக்கு, ஒரே வீட்டில் வைத்த இரண்டு பிரதிகள் ஒன்றுக்கே சமம் என்பதை விளக்க வேண்டியதில்லை. யந்திரத்தைப் பிறரிடம் ரிப்பேருக்குக் கொடுக்குமுன், பிரதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், அனுமதியின்றி டிஸ்க்கைத் துடைக்கலாகாது என்று எழுதிக் கொடுப்பதும் ஜாக்கிரதையான செயலாம்.

கிராம அதிகாரிகள், அறுவடை தொடங்குமுன்பே சிட்டா, அடங்கல் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளும்படி விவசாயிகளுக்கு நினைவூட்டுவது மிக்க உபகாரமாயிருக்கும். நெல் களத்துக்கு வந்த பின் வாய்க்காலைத் தூர்வார எவரும் போவதில்லை. யந்திரத்தைச் சோதிப்பதற்கும் உரிய காலம் நாற்று விடும் பருவமே.