ஒழுகும் விரிசலும் வேதியியலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பல வீடுகளில் கேட்கும் குரல், ‘தளம் ஒழுகுகிறது’ என்பதே. கடன் வாங்கிக் கட்டிய ஒற்றைத் தளம் என்றால் அக்கவலை இன்னும் பெரிது. கொத்தனார் மகனான எனக்கு இது வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு. அதன் காரணத்தை நம் வேதியியல் வகுப்பில்தான் அறிந்தேன்.

சிமெண்டு நீருடன் வினைபுரிந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, உண்டாகிறது. அதனால் கான்கிரீட்டின் பி.எச். மதிப்பு 12-க்கு மேல் இருக்கும். இக்காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பியின்மீது மெல்லிய ஆக்சைடுப் படலத்தை நிலைக்கச் செய்து துருவைத் தடுக்கிறது. விரிசல் வழியே கசியும் நீரோ சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து சீலிங்கில் வெண்படிவாகத் தங்குகிறது. காரம் குறைந்த இடத்தில் கம்பி துருப்பிடிக்கும். துருவின் பருமன் இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேல். அது கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். ஆகவே வெள்ளைக் கறை எச்சரிக்கை. பழுப்புக் கறை ஆபத்து!

சுண்ணாம்பு கரைவதைப் பெரிய அளவில் காட்டுவது முல்லைப் பெரியாறு அணை. 1895-இல் முடிக்கப்பட்ட அதன் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். கசிவைத் தடுக்க 1930-33-இல் அணையின் மேலிருந்து துளையிட்டு 40 டன் சிமெண்டைக் குழம்பாக்கிச் செலுத்தினர்; 1960-இல் 502 டன் செலுத்தினர். மேற்பூச்சை மட்டும் நம்பாமல் உள்ளேயும் நிரப்பினர் என்பதே நமக்குப் பாடம்.

நம் வீடுகளிலோ ஆண்டுதோறும் சீலிங்கில் சிமெண்டு பூசுகிறோம். மேலிருந்து வரும் நீர் அப்பூச்சைத் தள்ளிவிடுகிறது, பணமும் வீணாகிறது. ‘தண்ணி எந்தப் பக்கம் நுழையுதுன்னு முதல்ல பாரு’ என்பார் என் தந்தை. அறிவியலும் அதையே சொல்கிறது.

முதலில், விரிசல் அசைகிறதா என்று அறிய வேண்டும். அதன் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிறிது பூசிச் சில வாரம் விடுங்கள். அது வெடித்தால் விரிசல் வெயிலுக்கு விரிந்து சுருங்குகிறது என்று பொருள். அங்கே ரப்பர்போல் இழுபடும் பூச்சே நிற்கும். அசையாத விரிசலை மாடியில் உளியால் ‘வி’ வடிவில் வெட்டி, தூசி நீக்கி, பாலிமர் கலந்த சிமெண்டுக் கலவையால் அடைக்கலாம். மயிரிழை விரிசலுக்கு எபாக்சியை ஊசிபோல் செலுத்துவர். நீர் கசிந்துகொண்டிருக்கும் சம்ப் சுவருக்குப் பாலியூரித்தேன் ஏற்றது. அது நீருடனேயே வினைபுரிந்து, நுரைத்துப் பொங்கி அடைக்கும்.

கம்பி துருப்பிடித்திருந்தால், பிளந்த கான்கிரீட்டை நீக்கி, கம்பி பளிச்சிடும்வரை தேய்த்த பிறகே புதுக் கலவை இட வேண்டும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் பொறியாளரிடம் காட்டுவதே நலம். இறுதியாக, மாடியில் நீர் தேங்காதபடி வாட்டம் சரிசெய்யாவிட்டால் இத்தனையும் வீண்.

நண்பர்களே, தளம் காய்ந்திருக்கும் கோடையே இவ்வேலைக்கு ஏற்ற காலம். இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுச் சீலிங்கை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்; கறையின் நிறத்தைப் பெற்றோருக்கும் விளக்குங்கள். நாம் கற்கும் வேதியியல் முதலில் நம் வீட்டுக் கூரைக்குப் பயன்படட்டும்!