வாளியில் ஒரு வீட்டுத் தோட்டம்



"அடுத்த வருசம் எந்த வீட்டில இருப்பமெண்டே தெரியாது, இதுக்குள்ள தோட்டமா?" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் யூன் 30இல் முடிகின்றன. தக்காளி பூக்கிற நேரத்தில்தான் பலர் வீடு மாறுகிறார்கள். நிலத்தில் நட்டதை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வாளியில் நட்டால் கூடவே கொண்டு போகலாம். ஆகவே லொங்குய்யில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தப் பாடம்.

1. காலம்
மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் குளிர் தாங்காதவை. இரவில் 10 பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிவிடும். உறைபனி ஒரே இரவில் கொன்றுவிடும். இங்கே மே கடைசி வாரம்தான் வெளியே வைக்கப் பயமில்லாத காலம். ஒக்டோபரில் மீண்டும் உறைபனி. அதனால் மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் நடுவிலும், தக்காளி விதையை ஏப்ரல் தொடக்கத்திலும் வெயில் படும் யன்னலோரம் போடுங்கள்.

2. வாளியும் மண்ணும்
உணவகத்தில் வேலை செய்பவர்கள் ஊறுகாய், எண்ணெய் வந்த 20 லீற்றர் வெறும் வாளிகளைக் கேட்டுப் பாருங்கள். பெயின்ற் வாளி வேண்டாம். அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டு, ஒரு வாளிக்கு ஒரு கன்று நடுங்கள். நிலத்து மண் வாளிக்குள் இறுகிவிடும். கடையில் "தெறோ" என்று கேளுங்கள், சாடி மண் தருவார்கள். அதில் கால்பங்கு கொம்போஸ்ட் கலவுங்கள்.

3. பிளாஸ்டிக் கூடம்
பச்சைவீட்டைப் பிரெஞ்சில் "செர்" என்பார்கள். தட்டுகள் வைத்த சின்னக் கூடம் பல்கனிக்குப் போதும். காற்றுக்கு விழாமல் கட்டிவிடுங்கள். பகல் வெயிலில் உள்ளே சூடு விரைவில் ஏறும், பூ கொட்டும். காலையில் திறந்து மாலையில் மூடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறைபனியைத் தடுக்காது. அந்த இரவுகளில் கன்றுகளை வீட்டுக்குள் எடுங்கள். மூடிய கூடத்துக்குள் தேனீயும் காற்றும் வராது. ஆகவே பூத்ததும் மத்தியானத்தில் காம்பை மெல்லத் தட்டிவிடுங்கள், காய் பிடிக்கும்.

4. தண்ணீர்
யூலையில் தினமும் ஊற்ற வேண்டும். ஓட்டையால் வடியும்வரை ஊற்றுங்கள். மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2007இல் கொங்கிறீற் தரையிலேயே தொட்டிகளில் மரக்கறி வளர்த்துக் காட்டினார்கள். விளைச்சல், நடமாட முடியாதவர்களுக்கு வீடுதேடி உணவு கொண்டுபோகும் சான்ட்றோபோல் றூலான் அமைப்புக்குப் போனது. சீமெந்துத் தரை ஒரு தடையே இல்லை.

5. வீட்டுக்காரரும் பாதுகாப்பும்
முதலில் ஒப்பந்தத்தையும் கட்டட விதிகளையும் வாசியுங்கள். விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். பல வீடுகளில் பல்கனிதான் நெருப்புக்குத் தப்பும் இரண்டாவது வழி. கதவையும் படியையும் மறிக்காதீர்கள். நனைந்த வாளி ஒன்று 20 கிலோ வரும். எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவிக்க வேண்டாம்.

6. வீடு மாறும்போது
முதல் நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாரம் குறையும். தண்டைத் தடியோடு கட்டிக் கடைசியாக ஏற்றுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை தண்ணீர்.

மிளகாய் ஒரு வருசத்தோடு முடிகிற செடி அல்ல. செப்ரெம்பரில் கிளைகளைக் குறைத்து வெட்டி, வெயில் யன்னலோரம் வைத்தால் அடுத்த வசந்தத்தில் திரும்பத் துளிர்க்கும். முதல் வருசம் ஒரு மிளகாய்க் கன்றோடு தொடங்குங்கள். இலை சுருண்டால், ஓர் இலையைப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள். சேர்ந்து பார்ப்போம்.