தரகு நிறுவனத்தைப் பிரிந்தவர் மத்தியஸ்தம் நாடும் முறை

அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனமொன்றில் நிதி ஆலோசகராக அமர்கின்றவர், யு-4 என்னும் பதிவுப் படிவத்தில் கையொப்பமிடும்போதே, நிறுவனத்தோடு பின்னர் எழும் விவகாரங்களை மத்தியஸ்தர் முன் வைப்பதாக வாக்களித்துவிடுகிறார். ஆகையால் வேலை பறிபோன துக்கத்தில் நேரே நீதிமன்றப் படியேறுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். சட்டம் விலக்கிய பாரபட்சத்தைப் பற்றிய புகாருக்கு மட்டும், தனி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திராவிடில், இக்கட்டாயம் இல்லை. பாலியல் தொல்லைக்கு ஆளானவர், அத்தகைய ஒப்பந்தம் இருந்தாலுமே நீதிமன்றம் செல்ல 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. எனவே தம் குறை எவ்வகையது என்று தெளிவதே முதற் காரியம்.

அடுத்து, யு-5 படிவத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆலோசகர் விலகிய 30 நாட்களுக்குள், அதற்கான காரணத்தைக் குறித்து, ஃபின்ரா என்னும் கண்காணிப்பு அமைப்பிடம் நிறுவனம் அதைத் தாக்கல் செய்து, அவருக்கும் பிரதி அனுப்பக் கடமைப்பட்டது. அதிலுள்ள இரண்டே வரிகள் அடுத்த நிறுவனத்தின் கதவை அடைத்துவிட வல்லவை. காரணமின்றி நீக்கினார்கள் என்ற வாதம் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் தனித்து நிற்காது. பொய்யான யு-5 வாசகம், கொடுக்காத கமிஷன், மீறப்பட்ட ஒப்பந்தம் ஆகியவையே வழக்கின் அஸ்திவாரம். ஆயினும் யு-5 வாசகத்துக்காக அவதூறு வழக்குத் தொடுக்க இயலாதென்று நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. ஒருவரது ஜீவனோபாயத்தைத் தொடும் சொல்லுக்கு அத்தனை பாதுகாப்பு அளித்தது நியாயமென்று என் மனம் ஒப்பவில்லை.

புரோநோட்டு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். சேரும்போது வெகுமானம்போல் கொடுக்கப்படும் பெருந்தொகை உண்மையில் கடனே. ஆண்டுதோறும் ஒரு பங்கு தள்ளுபடியாகும், இடையில் பிரிந்தால் மிச்சம் முழுவதையும் உடனே கேட்பார்கள். நிறுவனமே முந்திக்கொண்டு அதற்காக மனுப்போடுமாயின், வாளாவிருந்துவிடாமல், தமக்கு வரவேண்டியவற்றை எதிர்க்கோரிக்கையாக அதே வழக்கில் வைத்துவிட வேண்டும்.

இனி மனு. நடந்தவற்றைத் தேதி வாரியாக, கோரும் தொகையோடு எழுதி, ஒப்பந்தம், சம்பளக் கணக்கு, கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து, மத்தியஸ்தத்துக்கு உடன்படும் பத்திரத்தில் ஒப்பமிட்டு, கட்டணத்துடன் ஃபின்ராவிடம் தாக்கல் செய்வது முறை. சம்பவம் நடந்து 6 ஆண்டுகள் கடந்தால் ஃபின்ரா ஏற்காது; மாநிலச் சட்டங்களின் கெடுவோ இதனினும் குறுகியிருக்கக்கூடும். எதிர்த்தரப்பின் பதிலுக்கு 45 நாள் அவகாசம். மத்தியஸ்தர் பட்டியல் வந்ததும், ஒவ்வொருவரும் முன்பு அளித்த தீர்ப்புகளை ஃபின்ராவின் பதிவுகளில் தேடிப் படித்த பின்னரே, வேண்டாதவரை அடித்து, எஞ்சியோரை வரிசைப்படுத்துதல் நலம்.

தீர்ப்பில் காரணங்கள் விளங்க வேண்டுமாயின், விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் சேர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். தீர்ப்பான தொகையை 30 நாட்களுக்குள் செலுத்துதல் விதி. தீர்ப்பை ரத்துச் செய்யக் கோருவோர் கூட்டாட்சிச் சட்டப்படி 3 மாதத்துக்குள் மனுவை அறிவித்தாக வேண்டும்.