காவலாளியைத் துருப்பிடிக்க வைக்கும் புகை



"புகை பிடித்தால் நுரையீரல் கெட்டுப் போகும்" என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சிகரெட் பாக்கெட்டிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது. ஆனால் "எப்படிக் கெடுகிறது?" என்று கேட்டால், "தார் படியும், கறுத்துப் போகும்" என்பதோடு நம்மில் பல பேர் நிறுத்தி விடுவோம். லேபில் ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் "கெட்டுப் போச்சு சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? எந்தப் பாகம் போச்சு, எதனால் போச்சு என்று கேட்பார்கள் இல்லையா? அதே கேள்வியை நுரையீரலைப் பற்றிக் கேட்டுப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

நுரையீரலில் ஒரு ஸ்பிரிங்

நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றை எல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் கிட்டத்தட்ட ஒரு பேட்மின்டன் கோர்ட் அளவு வரும். அந்தப் பைகளின் சுவரில் எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற புரத இழை ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போது இது நீளும். விடும்போது தானாகச் சுருங்கும். அதாவது மூச்சை வெளியே தள்ளும் ஸ்பிரிங் இதுதான்.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கூடாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி இழுத்து நிறுத்துகிறோமே, அதுபோலச் சின்னச் சின்னக் காற்றுக் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் இந்த இழைகள்தான் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இழை அறுந்தால் மூச்சு உள்ளே போகும். ஆனால் வெளியே வரும்போது குழாய் அமுங்கி, காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பைகள் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய ஓட்டைகள் ஆகிவிடும். இதற்கு எம்ஃபிசீமா என்று பெயர். நாள்பட்ட சளி இருமலும் இதுவும் சேர்ந்த நோயைத்தான் டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்கிறார்கள்.

முக்கியமான விஷயம்: எலாஸ்டின் பெரும்பாலும் நாம் வளரும் வயதில் போடப்படுவது. பெரியவரான பிறகு உடம்பு அதைப் புதிதாகப் போடுவது மிக மிகக் குறைவு. ஸ்பேர் பார்ட் கிடையாது!

கத்தியும் காவலாளியும்

அப்படியானால் அந்த இழையை அறுப்பது யார்? வேறு யாருமில்லை, நம் ஆளேதான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கிருமிகளைக் கொல்ல எலாஸ்டேஸ் என்ற என்சைமை வைத்திருக்கிறது. கூர்மையான கத்தி. கிருமியை வெட்டும், கை தவறினால் நம் எலாஸ்டினையும் வெட்டும்.

அதனால்தான் உடம்பு ஒரு காவலாளியையும் வைத்திருக்கிறது. அதன் பெயர் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். 394 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். நம் கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் 2 கிராம் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அங்கிருந்து அது நுரையீரலுக்குள் கசிந்து வந்து காவல் நிற்கிறது.

இது வேலை செய்யும் விதம் அசல் எலிப்பொறி. 358-வது இடத்தில் இருக்கும் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம்தான் பொறியில் வைத்த மசால் வடை. எலாஸ்டேஸ் அதைக் கடித்த உடனே பொறி விசையோடு புரண்டு, என்சைமைத் தூக்கி எதிர்ப்பக்கம் அடித்து நசுக்கி விடுகிறது. கத்தியும் காலி, பொறியும் காலி. எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொல்வதென்றால் இது ஒரு ஃப்யூஸ். ஒரு தடவைதான் எரியும். அடுத்ததற்குப் புது ஃப்யூஸ் வேண்டும்.

மால்மோவும் பப்பாளிப் பாலும்

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? 1963-ல் ஸ்வீடன் நாட்டு மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் சுமார் 1500 பேருடைய ரத்தப் புரதப் பரிசோதனைப் பட்டைகளைப் பார்த்தார்கள். அதில் ஐந்து பேருக்கு மட்டும் ஆல்ஃபா-1 கோடு காணவில்லை. அந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு இள வயதிலேயே நுரையீரல் நோய்! காவலாளி பிறவியிலேயே குறைந்தால் நுரையீரல் தாங்காது என்ற துப்பு அப்படித்தான் கிடைத்தது.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்காவில் பால் கிராஸ் குழுவினர் எலிகளின் நுரையீரலில் பப்பேன் என்ற என்சைமை விட்டுப் பார்த்தார்கள். எலிகளுக்கு எம்ஃபிசீமா வந்தது. பப்பேன் வேறு எதுவும் இல்லை, நம்ம பப்பாளிப் பாலில் இருப்பதுதான். கறி சீக்கிரம் வேக அம்மா பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அதே சரக்கு. புரதத்தை அறுக்கும் என்சைம் அளவுக்கு மீறினால் நுரையீரலும் அப்படித்தான் பதம் கெட்டுப் போகும் என்பது நிரூபணமானது.

அந்தப் பிறவிக் குறை வட ஐரோப்பிய வம்சத்தாரிடம்தான் அதிகம். நம் நாட்டில் அபூர்வம். "அப்ப நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? அங்கேதான் புகை வருகிறது.

துரு பிடிக்கும் இடம்: 358

மெத்தியோனைனில் ஒரு கந்தக அணு இருக்கிறது. அது சுலபமாக ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையிலைப் புகையில் இப்படித் துருப்பிடிக்க வைக்கும் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. ஒரே ஒரு இழுப்பில் வரும் ஃப்ரீ ராடிக்கல்கள், 1-க்குப் பின்னால் 14 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணையும் தாண்டும்.

358-வது மெத்தியோனைன் துருப்பிடித்தால் காவலாளி எலாஸ்டேஸைப் பிடிக்கும் வேகம் சுமார் 2000 மடங்கு குறைந்து விடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரத்தத்தில் அளந்து பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும். ஆள் கணக்கில் குறையில்லை. கேட்டில் யூனிஃபார்ம் போட்டு நிற்கிறார், ஆனால் கை விளங்கவில்லை!

புகை இதோடு விடுவதில்லை. அது எரிச்சல் மூட்டுவதால் வெள்ளை அணுக்கள் கூட்டமாக நுரையீரலுக்கு ஓடி வருகின்றன. அதாவது கத்திகள் கூடுகின்றன. வந்த அணுக்களும் தம் பங்குக்குத் துருப்பிடிக்கும் பொருள்களைக் கக்குகின்றன. ஒரு பக்கம் கத்தி அதிகம், மறுபக்கம் காவல் குறைவு. இரட்டை அடி.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 1979-ல் அமெரிக்காவில், புகைப்பவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் காவலாளியின் திறன் குறைந்திருந்ததைக் கண்டார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. 1997-ல் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு அணுவின் கத்திக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆகவே 358 மட்டுமே முழுக் கதை அல்ல. ஆனால் கத்திக்கும் காவலுக்கும் நடுவில் இருக்கும் தராசைப் புகை சாய்க்கிறது என்ற அடிப்படை மாறவில்லை.

"ஊசி போட்டா சரியாயிடுமா?"

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் அப்பா. முப்பது வருஷம் பீடி. போன வருஷம் ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தாள் என் கைக்கு வந்தது. "தம்பி, என்ன போட்டிருக்கு? ஊசி போட்டா சரியாயிடுமா?" என்று அப்பா கேட்டார்.

காவலாளிப் புரதத்தை ஊசியாக ஏற்றும் வைத்தியம் உண்டுதான். அமெரிக்காவில் 1987-ல் அனுமதித்தார்கள். பிறர் தானம் தந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து வாராவாரம் நரம்பில் ஏற்ற வேண்டும். ஆனால் அது பிறவிக் குறை உள்ளவர்களுக்கு மட்டும். பீடி துருப்பிடிக்க வைத்த நுரையீரலுக்கு அல்ல. அறுந்த ஸ்பிரிங்கை ஒட்ட வைக்கும் மருந்து எதுவும் இல்லை. மூச்சுக் குழாயை விரிக்கும் இன்ஹேலர் சிரமத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். "போனது வராதுப்பா. நிறுத்தினா இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பீடிக் கட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

ஒரு கணக்கு

நான் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. 1986-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 35 முதல் 60 வயது வரை உள்ள, லேசான பாதிப்பு தொடங்கிய 5887 புகைப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். முழு மூச்சு இழுத்து வேகமாக ஊதினால் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வருகிறது என்பதுதான் அளவு. அப்பாவின் தாளில் எஃப்.இ.வி.1 என்று போட்டிருந்ததும் அதுவே. 11 வருடம் கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு வருடத்துக்குச் சுமார் 66 மி.லி. குறைந்திருந்தது. நிறுத்தியவர்களுக்குச் சுமார் 30 மி.லி.

இதே வேகத்தில் 20 வருடம் போனால்:

தொடர்ந்தால்: 66 × 20 = 1320 மி.லி.
நிறுத்தினால்: 30 × 20 = 600 மி.லி.
வித்தியாசம்: 720 மி.லி.

கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் மூச்சு! மாடிப்படி ஏற முடிகிறவருக்கும் கட்டிலில் உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதற்குள் அடங்கிவிடும்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நுரையீரலின் திறன் உச்சத்தைத் தொடுவது 20-லிருந்து 25 வயதுக்குள். நாம் இன்னும் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறோம். இந்த வயதில் "ஒண்ணே ஒண்ணு மச்சி" என்று தொடங்குகிறவர் உச்சியைத் தொடாமலேயே இறங்கத் தொடங்குகிறார். விறகு அடுப்புப் புகையில் வருஷக்கணக்காக ஊதும் நம் அம்மாக்களுக்கும் இதே சி.ஓ.பி.டி. வருகிறது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

ஃப்யூஸ் போனால் கடையில் வாங்கிப் போடலாம். பேரிங் தேய்ந்தால் மாற்றலாம். இந்த ஸ்பிரிங்குக்கு மட்டும் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை. நமக்காக இரவும் பகலும் காவல் நிற்கும் அந்தப் புரதத்தின் கையை நாமே கட்டிப் போட வேண்டாம். தொடங்காதவர்கள் தொடங்காதீர்கள். தொடங்கியவர்கள் இன்றே நிறுத்துங்கள், மிச்சம் இருப்பது நிறைய. வீட்டில் பீடி பிடிக்கும் பெரியவர் இருந்தால் இந்தக் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும்!